கரையும் பை

கஸ்தூரி கீரைக்காரியிடமிருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பை கூழாகிப் புடவையில் வழிந்தது. கீரையில் தெளித்த தண்ணீரைக்கூட அது தாங்கவில்லை.

"மண்ணுல கரையற பை செய்யறேன்னீங்க. என் மேலயே கரையுது!"

"சூடு கம்மியாயிடுச்சு, கஸ்தூரி," என்றார் கணவர் தசரதன்.

கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டம் வீசிப்போகும் பிளாஸ்டிக் பைகளைப் பார்த்துப் பொறுக்காமல், அந்த வேதியியல் வாத்தியார் மரவள்ளி மாவில் கிளிசரின் விட்டுக் காய்ச்சி, மாற்றுப் பை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வீட்டு அடுப்பில்தான்.

அடுத்த பையைக் கூடுதலாகக் காய்ச்சி, இஸ்திரிப் பெட்டியாலும் தேய்த்தார். செருப்புத் தோலாட்டம் கெட்டிப்பட்டது. செம்பருத்தியடியில் புதைத்தார். தை போய் மாசி வந்தும் அப்படியே கிடந்தது. தோண்டி எடுத்துப் போட்டதை ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

"சூடு ஜாஸ்தியானா மக்க மாட்டேங்குது. கம்மியானா நிக்க மாட்டேங்குது."

"முனிசிபாலிட்டி இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். இந்தத் தடவையும் கரையலன்னா அடுப்புப் பக்கமே நீங்க வரக் கூடாது. ஆமா!"

அடுப்பு போனால் தசரதனின் ஆராய்ச்சியே போயிற்று.

இம்முறை பதமான சூட்டில் காய்ச்சி, சோதனைக்காகச் சின்ன வட்டங்களாக ஊற்றி மொட்டை மாடியில் காயவைத்தார். வேலைக்கு வரும் மணியம்மாளும் சித்திரை வெயிலை வீணாக்காமல் பக்கத்திலேயே கொஞ்சம் வடாம் ஊற்றியிருந்தாள். காய்ந்ததும், வியர்வையில் மங்கிய கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தசரதன் ஒரு கை அள்ளிவந்து செம்பருத்தியடியில் புதைத்தார். மீதியைக் கஸ்தூரி டப்பாவில் எடுத்து வைத்தாள்.

ஊர்க் குப்பைக்குப் பொறுப்பான இன்ஜினியர் இராமலிங்கம் மாத முடிவில் வந்தார். காபியும் பொரித்த வடாமும் வைத்தாள் கஸ்தூரி.

"உப்பு கம்மி. எனக்கு பிரஷர், இதுதான் ஒத்துக்கும்," என்று தட்டைக் காலி செய்தார் இராமலிங்கம்.

செம்பருத்தியடியைத் தோண்டினார்கள். ஒரு வட்டம்கூட இல்லை!

"சாதிச்சுட்டீங்க சார்! வர்ற தீபத்துக்கு ஊர் பூரா உங்க பைதான்!"

தசரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. கஸ்தூரிகூடப் பெருமையாகப் பார்த்தாள்.

இராமலிங்கம் மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்தார். "இது என்ன சார், சீரகமாட்டம் இருக்கு?"

"சீரகமா? நான் போடலையே!"

செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த மணியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வடாத்துல நான் போட்ட சீரகமாச்சே! அப்ப இன்ஜினியர் ஐயாவுக்கு எதைம்மா பொரிச்சுக் குடுத்தீங்க?"