கொள்ளுப்பாட்டியின் கூந்தலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும்

சின்ன காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

தாமலில் இருக்கும் அக்கா கங்கையம்மாளுக்குத் தம்பி துரைக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பூவம்மாளும் சுகம். நீயும் மாமாவும் கல்யாணப்பெண் துர்காவும் சுகமாக இருக்க வரதராஜப் பெருமாள் துணை. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டாயா? போட்டுக்கொண்டு மேலே படி.

நம் ஜமீன் பதக்கத்தைப் பற்றித்தான். பெண்டாட்டி செத்த துக்கத்தில் கொள்ளுத்தாத்தா யாரோ வெள்ளைக்கார துரைசானி செய்ததைப் பார்த்து, செத்தவள் கூந்தலில் ஒரு சுருளைத் தங்கத்தில் கண்ணாடி போட்டு அடைத்தாரே, நம் வீட்டுப் பெண் தாலி கட்டிக்கொள்ளும்போது கழுத்தில் அது இல்லாவிட்டால் குடும்பம் விளங்காது என்றாரே, அதேதான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று போன மாதம் என்னிடம் தந்து, "பத்திரம்டா, ஜமீன்ல மிஞ்சினது இது ஒண்ணுதான்" என்றாய். தலைமுடி வீட்டில் கிடந்தால் தரித்திரம் என்கிற பூவம்மாளிடம், உள்ளே இருப்பது செத்தவள் முடி என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. அது என் தப்பு. கல்யாணத்துக்கு மெருகு ஏற்றலாம் என்று அவள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டாள், பின்மூடி திறந்துகொண்டது. "என்னாங்க, தங்கத்துக்குள்ள சிக்குமுடி அடைச்சிக்கினு இருந்துது, கருமம்" என்று சிரிக்கிறாள். அதற்குள் தெருவில் வந்த சிக்குமுடிக்காரரிடம் தன் முடியோடு சேர்த்து அதையும் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிவிட்டாள். நம் கொள்ளுப்பாட்டிக்கு விலை, மூடிகூடச் சரியாகப் பொருந்தாத ஒரு டப்பா, அக்கா.

தறிக்காரர் பஞ்சாட்சரத்திடம் ஓடி அழுதேன். "எதுக்குபா அழுவுற? கறுப்புப் பட்டு இழை தரேன், சுருட்டி வெச்சிடு. பட்டும் முடியும் எரிஞ்சா ஒரே நாத்தம்தான்" என்றார். வைத்தேன். மறுநாளே உன் சம்பந்தி வேணுகோபால், பதக்கம் அசல்தானா என்று பார்க்க, வேலூரிலிருந்து வந்து நின்றார். "தப்பா நெனச்சிக்காதீங்க. அசல் முடின்னா கருகும், நைலான்னா உருகிடும்" என்று ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். கருகியது. மூக்கை மூடிக்கொண்டே பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் துர்கா ஒரு புடவை நூலைக் கட்டிக்கொண்டா மணையில் உட்கார வேண்டும்? அவள் வாழ்க்கைக்கு ஏதாவது வந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு உன் வாசலை மிதிப்பேன்? என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. சம்பந்தியிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். துர்கா மஞ்சளும் குங்குமமுமாக நூறு வருஷம் வாழட்டும்.

பாவி,
துரைக்கண்ணு

பி.கு.: கவரை ஒட்டும்போது சிக்குமுடிக்காரர் வந்து அந்தச் சுருளை நீட்டினார். "சார், இது முடியே இல்ல, நைலானு. நெருப்புல காட்னா உருகுது. என் டப்பாவக் குடுங்க." அக்கா, கொள்ளுத்தாத்தா காலத்தில் ஏது நைலான்? நாற்பது வருஷமாக அது உன் பீரோவில்தான் இருந்தது. மேலே கேட்ட மன்னிப்பை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். துர்கா பட்டு இழையையே போட்டுக்கொள்ளட்டும், சம்பந்தியே சோதித்த சரக்கு. மணவறையில் நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தால் போதும், பார்த்தால் சிரித்துவிடுவோம்.