சில்வர் அண்ணையும் கீறல் விழாத பிக்கப்பும்

மொன்றியலில் ஒரு பிக்கப்பை வாங்கி, அதில் ஒரு கத்தரிக்காயைக்கூட ஏற்றாமல், துடைப்பதற்காக மட்டுமே வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் சில்வர் அண்ணைதான். அப்படி இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இரண்டு பேரை இந்த ஊர் தாங்காது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அவருடைய குடும்பம் கீழ் வீடு, நான் மேல் வீடு. அண்ணையின் சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் கேட்டதில்லை. ஓர் உணவுக் கம்பனியில் பாத்திரம் கழுவும் மெஷின்களைத் திருத்துவது அவர் வேலை. நாள் முழுக்க எவர்சில்வரோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதனுக்கு அதைப் பார்த்தாலே வாந்தி வரவேண்டும். இவருக்கு வரவில்லை. தட்டு, தம்ளர், வாளி, சவர்க்காரம் வைக்கிற கிண்ணம் எல்லாம் எவர்சில்வர். கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணீர் கொடுத்தால், நான் ஏதோ விஷம் கொடுத்ததுபோல் பார்ப்பார்.

அப்படிப்பட்ட ஆளுக்கு, பெயிண்டே அடிக்காமல் முழு எவர்சில்வர் உடம்போடு ஒரு பிக்கப் சந்தைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஒருநாள் காலையில் பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலில், கோயிலில் சோறு ஆக்குகிற பெரிய கிடாரம் ஒன்றை நசித்து மடித்துச் சக்கரம் பூட்டியதுபோல் ஒன்று நின்றது. அண்ணை இடுப்பில் கைவைத்து நின்றார்.

“தங்கச்சி, வந்து பார். பெயிண்ட் இல்லை, அதாலை உரியாது. சில்வர், அதாலை துருப்பிடிக்காது. நான் செத்தாலும் இது இப்பிடியே நிக்கும்.”

“செத்தா உங்களை இதிலைதான் ஏத்துறதோ?”

“ஏத்தக் கூடாது. சவப்பெட்டி கீறும்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தார்கள். ஐயர் சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்து முன்பக்கத்தில் பொட்டு வைக்கக் கையை நீட்டினார். அண்ணை குறுக்கே பாய்ந்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம். கை படப்படாது. அடையாளம் விழும்.”

“கை படாமல் எப்பிடியப்பா பொட்டு வைக்கிறது?”

அண்ணை சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளைக் கிழித்து முன்பக்கத்தில் ஒட்டினார். ஐயர் அந்தத் தாளுக்குப் பொட்டு வைத்தார். தேங்காயை வண்டிக்கு முன்னால் உடைக்கக் கூடாது, சிரட்டைத் துண்டு தெறிக்கும் என்று, கார் நிறுத்துகிற இடத்தின் அடுத்த மூலையில் உடைக்கச் சொன்னார். அங்கே நின்றது என் பழைய கார். ஆக, அந்தத் தேங்காய் என் காருக்குத்தான் உடைந்தது. அதற்குப் பிறகும் என் கார் குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது வேறு கதை.

கை அடையாளம்தான் அவருடைய முதல் எதிரி. அந்தச் சில்வரில் யார் விரல் பட்டாலும் அப்படியே பதியும். தெருவில் போகிறவன் எல்லாம் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போவான். அண்ணை இடுப்பில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு வாசலில் காவல் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடியள் பிரெஞ்சில் கேட்பார்கள்: “மிஸ்யூ, இது ஃபிரிஜ்ஜா? கதவைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருக்குமா?” அண்ணைக்குப் பிரெஞ்சில் கோபப்படத் தெரியாது. “நோ, மெர்சி, நோ, மெர்சி” என்று துணியை விசிறிக் கலைப்பார். மாடு கலைப்பதுபோல் இருக்கும்.

என் காரைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்கு நான் எப்போதோ அவருடன் கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். “தங்கச்சி, உன்ரை காரிலை துருப்பிடிக்கேல்லை. துருவிலைதான் கொஞ்சம் கார் பிடிச்சிருக்கு” என்றார். ஒருநாள் தாங்கமுடியாமல், “உங்கடை கிடாரம் அப்பிடி என்ன பெரிசு?” என்று கேட்டுவிட்டேன். அவர் என் பனி அள்ளுகிற சவளைப் பிடுங்கி, திருப்பி, மரப்பிடியால் கதவில் அடிக்கச் சொன்னார்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. எனக்கு ஆத்திரம் நிறைய இருக்கு.”

“அடி.”

அடித்தேன். துருவைப் பற்றிச் சொன்னதற்கும் தேங்காய்க்கும் சேர்த்து அடித்தேன். கதவு ‘டொங்’ என்றது. சொட்டை விழவில்லை. என் தோள்மூட்டுத்தான் கழன்றதுபோல் ஆயிற்று. அண்ணை சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அடி அவருக்குப் பயமில்லை. கீறல்தான் பயம். அதனால் அந்த வண்டியின் பின்பெட்டி மூடியே கிடந்தது. கடைக்குப் போய் அரிசி மூட்டை வாங்கினால், அவருடைய மனைவி ராணி அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் வருவார்.

“பிள்ளை பெத்த நேரம்கூட இவ்வளவு பாரம் சுமக்கேல்லை” என்று அக்கா சொல்வார்.

அந்தப் பிள்ளை அபிராமி. ஒரே மகள். செடிகளுக்கு வருகிற நோய்களைப் படிக்கப் போவதாக இருந்தாள். பல்கலைக்கழக வளாகம் மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். தினமும் போய்வரப் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும் என்று, ஜூலையிலிருந்து இரண்டு தோழிகளோடு அங்கேயே இருக்க ஒரு வீடு பேசி எடுத்துவிட்டாள். கலியாணம் முடிக்காத பெண் வீட்டை விட்டுப் போவதா என்று அண்ணை ஒரு கத்துக் கத்தினார். பிறகு மகளோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். ஏதும் சொல்வதென்றால் அக்கா மூலமாகத்தான்.

“ராணி, அவவிட்டைச் சொல்லு, பிக்கப் கதவை மெல்லமாச் சாத்தச் சொல்லி.”

“அம்மா, அவரிட்டைச் சொல்லுங்கோ, நான் பிக்கப்பிலை ஏறவே மாட்டன் எண்டு.”

மூன்று பேரும் ஒரே சோபாவில் இருப்பார்கள்.

இதற்கு நடுவில் குளிர்காலம். எங்கள் தெருவில் பனியைவிட உப்புத்தான் அதிகம் கொட்டுவார்கள். ஒரு காலை அண்ணை பிக்கப்பின் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார். போய்ப் பார்த்தேன். செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள்.

“துருவோ அண்ணை?” என்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்கவில்லை.

“இது இதின்ரை துரு இல்லை. வெளியிலை இருந்து வந்து ஒட்டினது. உன்ரை காரிலை இருந்துதான் பறந்து வந்திருக்கு. இனி அங்காலை கொண்டுபோய் விடு.”

அவர் துரு பறக்கும் என்று சொன்ன நாளிலிருந்து நான் என் காரை வேண்டுமென்றே இன்னும் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அந்தப் புள்ளிகளைப் போக்க அண்ணை குசினிக்குள் இறங்கினார். எங்கள் ஆட்களுக்குச் சில்வர் என்றால் ஒரே வைத்தியம்தானே. தேசிக்காயை வெட்டிப் புளியோடு தேய்த்தார். விபூதி போட்டுத் தேய்த்தார். ஒன்றும் சரிவராமல், அக்கா கறிச்சட்டி தேய்க்கிற இரும்புக் கம்பி நாரை எடுத்து, ஒரு சனிக்கிழமை முழுக்கக் கதவைத் தேய்தேயென்று தேய்த்தார். புள்ளிகள் போயே போய்விட்டன. வட்டம் வட்டமாக உரஞ்சின அடையாளம் இருந்தாலும் அண்ணை வென்ற முகத்தோடு திரிந்தார். அடுத்த மழைக்குக் கதவு முழுக்க அம்மை போட்டதுபோல் சிவந்துவிட்டது. கம்பி நாரிலிருந்த இரும்புத்தூள் முழுவதையும் தன் கையாலேயே சில்வருக்குள் தேய்த்து ஏற்றியிருக்கிறார் மனுஷன்! பாத்திரம் கழுவுகிற மெஷின் திருத்துகிறவர்!

“சட்டி தேய்க்க வந்து ஒருநாளும் உதவாத மனுஷன்,” என்றார் ராணி அக்கா, “முதல்முதலாத் தேய்ச்சது இதைத்தான். அதுவும் உருப்படேல்லை.”

அதன்பிறகு வண்டியை முழுக்க மூடி ஒரு தறப்பாள் ஏறியது. அண்ணை துருவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். மகளோடு மட்டும் இன்னும் கதைக்கவில்லை.

ஜூலை முதலாம் திகதி வந்தது. அன்றைக்கு மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். குளிர்சாதனப்பெட்டியோடு ஆட்கள் தெருவில் ஓடுவார்கள். வாடகைக்கு வான் கிடைக்காது. அபி மாதக்கணக்கில் முன்னாலேயே ஒரு வானைப் பதிந்து வைத்திருந்தாள். அதற்கு முதல் நாள் மத்தியானம் வான் கம்பனிக்காரர் தொலைபேசியில் வான் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் மேலே என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அன்ரி, ப்ளீஸ், நீங்க ஒருக்கா அப்பாட்டைக் கேளுங்கோ. அவர் வராட்டியும் பரவாயில்லை, பிக்கப் மட்டும்…”

அவளுக்கு வேண்டியது பிக்கப் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? கீழே இறங்கினேன்.

“அண்ணை, நாளைக்கு அபியின்ரை சாமான் கொண்டுபோக உங்கடை பிக்கப் வேணும்.”

“ஏலாது. அது சாமான் ஏத்துற வாகனம் இல்லை.”

“பிக்கப்பிலை சாமான் ஏத்தாமல் பேந்து பாட்டுக் கச்சேரியோ வைக்கிறது?”

“கீறும்.”

“கீறினா என்ன, உங்கடை கிடாரத்தாலை பால் ஒழுகுமே?”

அவர் துணியை மடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “போறதெண்டு முடிவெடுத்தவ போகட்டும். நானே கொண்டுபோய் விட்டா, நானே போ எண்டு அனுப்பின மாதிரி எல்லே?”

“நீங்கள் விடாட்டியும் அவ போகத்தான் போறா. திரும்பி இந்த வாசலுக்கு வருவாவோ எண்டதை மட்டும் யோசியுங்கோ” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அதற்குமேல் நின்றிருந்தால் வாயில் வேறு ஏதும் வந்திருக்கும்.

மறுநாள் காலை அபியும் நானும் அவளுடைய மெத்தையை என் காரின் கூரையில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். கூரை சத்தம் போட்டது. அண்ணை யன்னலுக்குள் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு வெளியே வந்து, மகளைப் பாராமல் என்னிடம் கத்தினார்.

“விசரே உனக்கு? உந்தத் துருப்பிடிச்ச தகரத்திலை பிள்ளையின்ரை மெத்தையை வைக்கிறாய்! கறை பிடிச்சா அது எந்தத் தண்ணியிலை போகும்?”

“அப்ப வேறை எதிலை வைக்கிறது?”

தறப்பாளை இழுத்து எறிந்தார். பின்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தூசிகூட இல்லை. மெத்தை, புத்தகப் பெட்டிகள், அக்கா கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூள் பொதி எல்லாம் ஏறின. ஒவ்வொன்றுக்கும் கீழே அண்ணை பழைய போர்வை விரித்தார்.

கடைசியில் என் வீட்டில் சும்மா கிடந்த இரும்பு மேசை. அபி படிக்க ஆகும் என்று நான்தான் கொடுத்தேன். எங்கள் தெருவின் வளைந்த வெளிப்படிக்கட்டில் ஒரு மேசையை இறக்குவது எப்படி என்று அதைக் கட்டினவனுக்கே தெரியாது. மேலே நான், கீழே அபி. கடைசி வளைவில் என் கை வழுக்கியது. மேசை அபியையும் தள்ளிக்கொண்டு போய், அதன் கால் படிக்கட்டடியில் நின்ற பிக்கப்பின் முன்கதவில் தொடங்கிப் பின்விளக்கு வரைக்கும் ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது.

ராணி அக்கா வாயில் கைவைத்தார். அபி வெளிறிப்போய், “அப்பா…” என்றாள்.

அண்ணை வந்தார். கீறலைப் பார்த்தார். முழு நீளத்துக்கும் பார்த்தார். பிறகு குனிந்து அவளுடைய பாதத்தைப் பார்த்தார்.

“கால்லை பட்டதோ பிள்ளை?”

“இல்லை அப்பா.”

“வடிவாப் பார். விரல் மடக்கு.”

அவள் மடக்கிக் காட்டினாள். அழுதுகொண்டே மடக்கினாள். அண்ணை எழும்பி நின்று என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். “ஒரு மேசை பிடிக்கத் தெரியாது, கதை மட்டும் வண்டி வண்டியா!” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் திட்டினதற்கு நான் திருப்பித் திட்டவில்லை.

சென்ட்-ஆன் வரைக்கும் அபி முன்சீட்டில், நான் பின்சீட்டில் சோறு ஆக்குகிற குக்கரை மடியில் வைத்துக்கொண்டு. பாதித் தூரம் போனபிறகு அண்ணை கேட்டார்.

“சனிக்கிழமை வருவியோ?”

“வாறன் அப்பா. நீங்க வந்து ஏத்துவீங்களோ?”

“ஏத்தாமல்? பஸ்ஸிலை வந்து சேர ஞாயிறாயிடும்.”

இப்போது சனிக்கிழமைகளில் அந்தப் பிக்கப் வெறுமனே வருவதில்லை. அபியோடு மண் மூட்டை வரும், செடித் தொட்டி வரும், ஒருமுறை மாட்டெருவும் வந்தது. தெரு முழுக்க மணந்தது. தறப்பாளைக் காணவில்லை. கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு அண்ணை தலையாட்டினார். எடுக்கவில்லை.

போன மாதம் கீழே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டு இறங்கினேன். அண்ணை பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற சின்ன மெஷின் ஒன்றை எங்கேயோ வாங்கியிருக்கிறார். கோயிலுக்குக் கொடுக்கிற அண்டாவிலும் குத்துவிளக்கிலும் கொடுத்தவர் பெயரை வெட்டுவார்களே, அதேபோல், அந்த நீளக் கீறலுக்குக் கீழே, புள்ளி புள்ளியான கோணல் எழுத்தில் வெட்டியிருந்தார்:

‘உபயம்: அபிராமி.’

நான் சிரிக்கவில்லை. சண்டைக்குத்தான் போனேன்.

“அண்ணை, கைநழுவ விட்டது நான். மேசையும் என்ரை. என்ரை பேர் எங்கை?”

அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நில், உன்ரை பேர் வெட்ட இந்த வயர் எட்டாது, மற்ற வயரை எடுத்துக்கொண்டு வாறன்” என்று உள்ளே போனார்.

அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்திருந்தேன். அது கருகினாலும் கருகட்டும் என்று அங்கேயே நின்றேன்.