டீச்சர் டைப் செய்கிறார்

பலாயிலைக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோய் ஒரே வாரத்தில் ஓடிவிடும் என்ற செய்தி சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தபோது, பெமிலா டீச்சர் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

'அமெரிக்க டாக்டர்கள் மறைத்த ரகசியம். பத்துப் பேருக்கு அனுப்பாதவர் கல்நெஞ்சர்.'

அனுப்பியவள் தங்கபாய். குழித்துறையில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கத்தின் மனைவி. போனைத் திறப்பதற்கே மருமகள் ஸ்மிதாவைக் கூப்பிடுகிறவள்.

பெமிலா அடுப்பை அணைத்தாள்.

"பதில் போடாதே," என்றார் அவள் கணவர் ஞானசிங், காலித் தட்டின் முன்னால் இருந்தபடியே.

"நான் ஒண்ணும் போடல்லியே."

"ஒனக்க மூக்கு வெடச்சாச்சு. ரெண்டு வாரத்துல சங்கத் தேர்தல். நீ செக்ரட்டரிக்கு நிக்கிய. எதுத்து நிக்கியது இந்தத் தங்கபாய். கேட்டியா?"

"அதுனாலதான் போடணும். இந்தப் பொய்யையெல்லாம் பாத்துட்டு வாயப் பொத்திட்டு இருக்கியதுக்கா என்ன செக்ரட்டரி ஆக்கப் போறாவ?"

"பொத்திட்டு இருந்தா ஆக்குவாவ," என்றார் ஞானசிங். "மொதல்ல தோசையச் சுடு."

அவள் போனை எடுத்தாள்.

'அன்புச் சகோதரிகளே, இந்தச் செய்தியில் மூன்று தந்திரங்கள் உள்ளன. பெயர் இல்லாத அமெரிக்க டாக்டர் ஒன்று. மறைத்த ரகசியம் என்ற ஆசைகாட்டல் இரண்டு. அனுப்பாவிட்டால் கல்நெஞ்சர் என்ற மிரட்டல் மூன்று. இதையும் நம்புகிறவர்கள் மூளையைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டவர்கள்.'

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவளுக்கு இந்தக் குரூப் ஒரு தண்டனை. விடிந்ததும் ரோஜாப்பூவின் மேல் வேத வசனம். மத்தியானம் பிளாஸ்டிக் முட்டை. சாயங்காலம், எப்போதோ கிடைத்துவிட்ட ஒரு குழந்தையைக் காணவில்லை என்ற கதறல். எதிலும் ஒரு அவசரமோ பயமோ இனிப்போ ஒளிந்திருக்கும். அவள் பிடித்துவிடுவாள். பிடிக்கும்போது, அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு வருமே, அப்படி ஒரு சுகம். அந்தச் சுகத்தில் உலை வற்றிப்போவது தெரியாது.

செக்ரட்டரி பதவி எதற்கு என்று யாராவது கேட்டால், சங்கத்தைச் சீர்திருத்த என்பாள். உண்மை வேறு. வருஷா வருஷம் அறிக்கையை எழுதுகிறவள் அவள். செக்ரட்டரியாக மேடையில் ஏறி வாசிக்கிறவள் வேறொருத்தி. பத்திக்குப் பத்தி தப்பாக வாசித்துவிட்டுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு இறங்குவாள். ஒரே ஒரு தடவை, தான் எழுதியதைத் தானே நின்று வாசிக்க வேண்டும். இதைத் தனக்குள் சொல்லிக்கொள்ளும்போதே பெமிலாவுக்கு முகம் சூடாகிவிடும்.

தோசை வேகுமுன் போன் அடித்தது. ராஜபாய். சங்கத்தில் அவள் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ, ஒரு வரிசை முழுக்க அந்தப் பக்கம் உயரும்.

"டீச்சர், எங்க வீட்டுல அவரு ஒரு மாசமா பலாயிலைக் கஷாயந்தான் குடிக்கியாரு. அப்போ எங்களுக்கு மூளை இல்லியா?"

"ஐயோ அக்கா, ஒங்களச் சொல்லல்ல."

"பின்ன ஆரச் சொன்னிய?"

"அத நம்புகியவங்கள."

"நாங்க நம்புகோம்லா?"

பெமிலா போனை வைத்தாள். சாயங்காலம் ஒரு சீப்பு ஏத்தன் வாழைப்பழத்தோடு ராஜபாயின் வீட்டுக்கே போனாள். சர்க்கரை நோயாளி வீட்டுக்கு ஏத்தன் பழம் கொண்டுபோகிறோம் என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

ராஜபாயின் கணவர் முத்துநாயகம் பழத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "கொள்ளாம். கஷாயம் பயங்கரக் கைப்பு டீச்சர். இது கூட இருந்தா எறங்கும்."

"மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க."

"அத அன்னைக்கே விட்டாச்சே!"

அவ்வளவுதான். பெமிலா கத்தினாள். கண் போகும், கால் போகும், கிட்னி போகும் என்று வரிசையாகச் சொன்னாள். சொன்னதெல்லாம் சரி. அதனால்தானோ என்னவோ, சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"வீட்டுக்கு வந்து எனக்க மாப்பிள்ளைக்குச் சாபம் போடுகியளா?" என்றாள் ராஜபாய். பழச்சீப்பு அப்படியே திரும்பி வந்தது.

"இனி ஒரு போஸ்டுக்கும் வாய் தொறக்கமாட்டேன்," என்று அன்று ஞானசிங்கிடம் சத்தியம் செய்தாள். அவர் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது அடுத்த செய்தி. தேங்காய்ப்பட்டணம் கடலுக்கு மேல் சிறகு விரித்த ஒரு மேகம். 'தேவதூதன் தெரிகிறார்! ஒரு நிமிஷத்துக்குள் ஆமென் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து நல்ல செய்தி வரும்.' அனுப்பியவள் அதே தங்கபாய்.

பெமிலா போனைக் கவிழ்த்து வைத்தாள். துணி மடித்தாள். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது சிறகும் வலது சிறகும் அச்சு அசல் ஒன்று. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியது. பாவிகள், ஒரு மேகத்தைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை!

'மேகத்தில் கைவேலை தெரிகிறது. ஒரு நிமிஷம் என்பது உங்களை யோசிக்கவிடாமல் செய்யும் அவசரம். ஆமென் போட்டால் விசா வராது. தூதரகம் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை.'

போட்ட பிறகுதான் மேலே இருந்த முதல் ஆமெனைப் பார்த்தாள். இசபெல். தேர்தலுக்குப் பெமிலாவின் பெயரை முன்மொழிந்தவள். அவள் மகன் சிஜின் கத்தார் விசாவுக்காக மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் இசபெல் நேரிலேயே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், எனக்க மோனுக்கு விசா வராதுன்னு குரூப்புல போட்டுட்டியளே."

"நான் அப்படியா போட்டேன்? பொதுவால்லா சொன்னேன்."

"பொதுவா சொல்லதுக்கு நம்ம குரூப்புல வேற ஆருக்கு விசா வர வேண்டியிருக்கு?"

"மக்கா, அந்த மேகம் பொய்."

"மேகம் பொய்யா இருக்கட்டும். எனக்க ஜெபமும் பொய்யா?"

மறுநாள் காலையில் விசா வந்துவிட்டது.

இசபெல் அதன் படத்தைக் குரூப்பில் போட்டாள். அடியில் ஒரே ஒரு வரி: 'தூதரகம் பார்த்தது.' அதற்கு வந்த ஆமென்களைப் பெமிலாவால் விரலால் தள்ளி முடிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்பதைத் தவிர வழியில்லை. பள்ளியில் ஓய்வு நேரம் முழுவதும் செலவழித்து எழுதினாள். யாரையும் புண்படுத்துவது நோக்கமல்ல என்று தொடங்கி, புண்பட்டவர்கள் ஏன் புண்பட்டிருக்கத் தேவையில்லை என்று விளக்கி முடித்தாள்.

சாயங்காலம் தங்கபாயிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் கோழிகள் கொக்கரித்தன.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டீச்சர் படிச்சவங்க. அவங்க சொல்லது நம்ம நல்லதுக்குத்தான். ஒண்ணுந் தெரியாத நாமதான் கண்டதையும் நம்பி, கஷாயமும் மேகமும்னு கெடக்குதோம். ஆரும் டீச்சர ஒண்ணும் சொல்லப்படாது. அவங்க ஏசினா வாங்கிக்கிடுவோம்."

ஞானசிங்கும் கேட்டார். "இத அப்படியே விட்டுரு பெமிலா. கும்பிட்டுக் கேக்கேன்."

பெமிலா இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை போட்டபோது பிடிபட்டது. உடம்பெல்லாம் அந்தச் சுகம் ஓடியது. கை தானாகவே எழுதியது.

'இது நான்காவது தந்திரம். தன்னைத் தாழ்த்திக்கொண்டு அனுதாபம் தேடுவது. சகோதரிகள் ஏமாற வேண்டாம்.'

முதலில் ராஜபாய் ஒரு கும்பிடு போட்டாள், தங்கபாயைப் பெயர் சொல்லி. அதன்பின் கும்பிடுகள் மழைபோல் விழுந்தன.

தேர்தல், ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் நடந்தது. போதகரின் மனைவிதான் தலைவி. "பெமிலா டீச்சரை ஆதரிக்கியவங்க கையத் தூக்குங்க," என்றார்.

ஒரே ஒரு கை உயர்ந்தது. பெமிலாவின் நெஞ்சு அந்தக் கையை நோக்கி ஓடியது. அது ஃபேனைப் போடச் சொல்லித் தாணம்மாள் தூக்கிய கை.

தங்கபாயின் பெயரைச் சொன்னதும், பெமிலாவை முன்மொழிந்த இசபெல்லின் கையும் சேர்ந்து எழுந்தது. தங்கபாய் எழுந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லித்தரணும்," என்றாள். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

வெளியே டீயும் பருப்புவடையும் கொடுத்தார்கள். பெமிலா ஓரமாக நின்றாள். தோற்றதைவிட, ஒன்றும் தெரியாத ஒருத்தியிடம் தோற்றதுதான் அவளை அரித்தது. ஆனாலும் உண்மை தன் பக்கம் என்ற எண்ணம் டீயோடு சேர்ந்து கொஞ்சம் இதமாக இறங்கியது. தங்கபாயின் மருமகள் ஸ்மிதா வடைத்தட்டோடு வந்தாள்.

"ஒனக்க மாமி இப்ப செக்ரட்டரி," என்றாள் பெமிலா. குரலைப் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டாள். "இனியாவது கண்டதையும் நம்பி அனுப்பக்கூடாதுன்னு நீ சொல்லிக் குடு மக்கா."

ஸ்மிதா வடையை நீட்டினாள்.

"மாமி அதுல ஒண்ணையும் நம்பல்ல டீச்சர், ராஜபாய் சித்தி வீட்டுக் கஷாயத்துக்கும் இசபெல் அக்காவுக்க விசாவுக்கும் பொருத்தமா பாத்துத் தேடி எடுக்கச் சொன்னது, நீங்க பதில் போடணும்னுதான்."