சாகாத செல்போன்

வசந்தகுமாரின் செல்போன் செவ்வாய்க்கிழமை காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. அப்படித்தான் அவர் மனைவி கல்பனாவிடம் சொன்னார். உண்மையில் அது விழவில்லை. அவர்தான் போட்டார். போட்டுவிட்டு, நிதானமாக நூறு வரைக்கும் எண்ணிவிட்டு, அப்புறம்தான் "ஐயையோ!" என்று கத்தினார்.

கல்பனா கையில் கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தாள்.

"இன்னாங்க ஆச்சி?"

"போனு உழுந்துடுச்சி கல்பனா. தண்ணி இருக்குதான்னு குனிஞ்சி பாத்தேன், பாக்கெட்லேருந்து நழுவிடுச்சி. அஞ்சு வருசமா கூடவே இருந்த போனு..."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பள்ளிக்கூட நாடகத்தில்கூட நடிக்காத மனிதர் அவர். ஆனாலும் பெருமூச்சு அவ்வளவு அருமையாக அமைந்துவிட்டது. தனக்குள் இப்படி ஒரு திறமை இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

"அழாதீங்க. கடைவீதிக்குப் போறப்ப நான் காட்டிப் பாக்கறேன்" என்றாள் கல்பனா.

"காட்டு, காட்டு. ஆனா பொழைக்காது" என்றார் வசந்தகுமார். சொல்லும்போதே மனசு லேசாகி, இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அது 2009ஆம் வருடம். ஊரில் எல்லோரும் கேமராவுக்காகப் போன் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வசந்தகுமாருக்கும் கேமரா போன்தான் வேண்டும். ஆனால் படம் எடுப்பதற்காக அல்ல. காரணம் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலில் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் லாரிகளுக்குப் பிரேக் டிரம் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே அவர் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். கேமரா உள்ள எந்தப் போனும் உள்ளே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடியும்வரை அத்தனை போன்களும் மர அலமாரியின் சின்னச் சின்ன அறைகளில் தூங்கும். கேமரா இல்லாத போன் மட்டும் உள்ளே போகலாம். ஷிப்டில் இருந்த அறுபது பேரில் அப்படிப்பட்ட போன் வைத்திருந்தவர் வசந்தகுமார் ஒருவர்தான். தலையில் டார்ச் விளக்கு வைத்த, சோப்புக்கட்டி அளவு போன்.

ஒருநாள், பாவம் பார்த்து, உலையில் வேலை செய்யும் ஆதிநாராயணனின் வீட்டுக்கு அந்த நம்பரைக் கொடுத்தார். அன்றோடு அவர் நிம்மதி போனது. ஆதிநாராயணன் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு என்று அறுபது குடும்பங்களுக்கும் நம்பர் போய்ச் சேர்ந்தது.

"சார், கேஸ் தீந்துபோச்சி. வரும்போது அவர ஏஜென்சிக்கு போய்க்கினு வரச்சொல்லுங்க."

"சார், எங்க ஊட்டுக்காரர்கிட்ட பீரோ சாவி எங்கன்னு கேட்டு சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

டிரம்மின் விட்டத்தை அளக்கும் கருவி ஒரு கையிலும் போன் இன்னொரு கையிலுமாக அவர் தொழிற்சாலை முழுக்க அலைந்தார். ஒருமுறை பீரோ சாவிக்காரரிடம் கேஸையும், கேஸ்காரரிடம் பீரோவையும் சொல்லிவிட்டு இரண்டு குடும்பத்திடமும் திட்டு வாங்கினார். எல்லாவற்றையும்விட, அளவு தவறிய நாலு டிரம்கள் அவர் முத்திரையோடு வெளியே போய்த் திரும்பி வந்ததுதான் அவரைக் கலக்கிவிட்டது. இன்னொரு முறை அப்படி நடந்தால் வேலைக்கே ஆபத்து. ஒருநாள் போனை அணைத்து வைத்துப் பார்த்தார்; ஏன் எடுக்கவில்லை என்று மறுநாள் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள்.

கேமரா போன் ஒன்று வாங்கிவிட்டால் வாசலில் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் நிம்மதி. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போய் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். குறுக்கே நின்றது அவருடைய வாய்தான்.

போன பொங்கலுக்குக் கல்பனா ஒரு புது மிக்ஸி கேட்டாள். பழையது, தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் ஓடும். அதற்கு வசந்தகுமார் இருபது நிமிடம் பிரசங்கம் செய்தார்.

"ஓடற பொருள எதுக்கு மாத்தணும்? எங்க கம்பெனியில ரிஜ்வான்னு ஒரு பையன். வருசத்துக்கு மூணு போன் மாத்தறான். கேமராவுக்கு ஒண்ணு, பாட்டுக்கு ஒண்ணு, இப்ப கையால தடவறதுக்கு ஒண்ணு. என் போன பாரு! என் உசுரு மாதிரி இது. இது இருக்கற வரைக்கும் வேற போன தொடமாட்டேன்."

ரிஜ்வானிடமும் இதே பிரசங்கத்தைக் கம்பெனி பஸ்ஸில் வாரம் ஒருமுறை செய்திருந்தார். இவ்வளவு பேசிய பிறகு எந்த முகத்தோடு போன் மாற்றுவது? அதனால் போன் தானாகவே சாக வேண்டும். நாலு பேர் பார்க்க, மரியாதையாகச் சாக வேண்டும்.

சரி, தொட்டிக்குள் விழுந்த போனுக்கு வருவோம். வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அது மேஜைமேல் இருந்தது. டார்ச் எரிந்தது. மணி அடித்தது. எடுத்துப் பேசினால், ஆதிநாராயணனின் மாமியார்.

"எப்படி கல்பனா?" என்று திணறினார் வசந்தகுமார்.

"ஹனீப் பாய் கடையில குடுத்தேன். சரியாயிடுச்சி. உங்களுக்கு சந்தோசந்தானே?"

"ரொம்ப" என்றார் அவர்.

தேய்ந்துபோன எழுத்துகள்கூடப் பளிச்சென்று தெரிந்தன. போனில் இருந்த பாம்பு விளையாட்டில் அவர் எடுத்திருந்த பெரிய ஸ்கோர் மட்டும் அழிந்துபோயிருந்தது. "தண்ணி உள்ள போச்சில்ல, அதனால இருக்கும்" என்றாள் கல்பனா. அந்த ஹனீபின் கையை உடைக்க வேண்டும் என்று வசந்தகுமார் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

தொட்டியில் மூழ்கிப் பிழைத்த போனைப் பார்க்கத் தொழிற்சாலையில் கூட்டம் கூடியது. செய்தி மேலாளர் வீரராகவன் காதுக்கும் போனது. அவர் போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பகமான போன்யா. உம்ம மாதிரியே" என்று சொல்லிவிட்டு, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று வசந்தகுமாரின் நம்பரை வாசல் பலகையில் பெயிண்டால் எழுதவைத்தார். ஷிப்ட் நேரத்தில் அதை அணைத்து வைக்கக்கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார். மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து, அறுபது குடும்பம் என்பது நூற்றெண்பது குடும்பமானது.

அடுத்த மாதம் போனைச் சட்டைப் பையில் வைத்தபடியே சட்டையைச் சோப்புத்தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். இந்தத் தடவை இரண்டு பெருமூச்சு விட்டார். இரண்டே நாளில், வாசனையோடு திரும்பி வந்தது போன்.

சாகடிக்க முடியாவிட்டால் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில், சீட்டுக்கு அடியில் போனைத் தள்ளிவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தார். ஒரு மணி நேரம் வாழ்க்கை இனித்தது. அப்புறம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் தேசப்பன் வியர்க்க விறுவிறுக்க இறங்கினான்.

"சார், புடிங்க சார் இத! பேஜாரா போச்சி. பதினாலு போன் வந்துச்சி. யாரோ ரெண்டு பேரு ஊட்ல தண்ணி வரல. ஒருத்தருக்கு மாமனார் வந்துகிறாராம், கறி வாங்கினு வரணுமாம். நான் வண்டி ஓட்டறதா, இதுக்கெல்லாம் பதில் சொல்றதா? எப்படி சார் இத வெச்சினு உயிரோட கீறீங்க?"

வசந்தகுமாருக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அறுபது, நூற்றெண்பது குடும்பங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வியை இவன் ஒருவனாவது கேட்டானே!

அதற்கும் அடுத்த மாதம் மொட்டைமாடியிலிருந்து தெருவில் போட்டார். இது நிச்சயமான சாவு. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், பட்டன்கள் சாக்கடைப் பக்கம். கல்பனா எல்லாவற்றையும் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, தான் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று வசந்தகுமார் அன்று ராத்திரிச் சாப்பாட்டையே வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"மனசு சரியில்ல கல்பனா. உடம்புல ஒரு பாகம் போன மாதிரி கீது."

"சாப்பிடுங்க. நான் எப்படியாவது சரி பண்ணினு வந்துடறேன்" என்றாள் அவள்.

இரண்டு நாளில் சரி பண்ணிக்கொண்டும் வந்துவிட்டாள். மறுநாள் காலையில் அவள் மிக்ஸியின் தலையில் தட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் போன் அடித்தது. அவர் எழுந்துபோய் எடுத்தார். யாருக்கோ இட்லி மாவு புளித்துவிட்டதாம்.

ஆயுத பூஜையன்று கொடுமையின் உச்சம் நடந்தது. லேத் மிஷின்களுக்கும் அளவுகோல்களுக்கும் நடுவே ஒரு தட்டில் வாழையிலை போட்டு, வசந்தகுமாரின் போனை வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார் ஆதிநாராயணன். பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் அது மூன்றுமுறை அடித்தது. எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள்.

"சார், உங்கள பாத்து நான் திருந்திட்டேன்" என்றான் ரிஜ்வான். "இந்தத் தடவுற போன ரெண்டு வருசத்துக்கு மாத்தறதா இல்ல."

வசந்தகுமார் ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

பூஜை முடிந்து மூன்றாம் நாள், டிரம் ஏற்றிப் போகும் ஃபோர்க்லிஃப்ட்டின் சக்கரத்துக்குக் கீழே குங்குமப் பொட்டோடு அதை வைத்தார். இரண்டு டன் பாரம் ஏறி இறங்கியது. எடுத்துப் பார்த்தால் போன் அப்பளம்போல் இருந்தது. ஆனாலும் வசந்தகுமாருக்கு நம்பிக்கை வரவில்லை. இதையும் கல்பனா கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போவாள், அந்த ஹனீப் இதற்கும் உயிர் கொடுத்துவிடுவான். இந்தத் தடவை முந்திக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைவீதிக்கு நடந்தார்.

ஹனீபின் கடை ஓர் ஆள் நிற்கும் அகலம்தான். சொந்த ஊர் பழவேற்காடு. மூன்று வருடமாக இங்கே கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் போன்கள் அடுக்கியிருந்தன. வசந்தகுமார் இதற்குமுன் அங்கே போனதில்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அப்பளத்தைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"கல்பனா ஊட்டுக்காரரா? வாங்க சார்!" என்று எழுந்து நின்றார் ஹனீப்.

"பாய், உங்க காலுல உழுந்து கேக்கறேன். இனிமே என் போன ரிப்பேர் பண்ணாதீங்க. தண்ணியில போட்டேன், சோப்புல போட்டேன், மாடியிலேருந்து போட்டேன். ஒவ்வொரு வாட்டியும் பொழைக்க வெச்சிடறீங்க. நானே வேணும்னுதான் பாய் போட்டேன். இது செத்துப்போச்சின்னு என் சம்சாரத்துகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. போதும்."

ஹனீப் அப்பளத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"ரிப்பேரா? நான் வாங்குவேன், விப்பேன் சார். ஸ்க்ரூ டிரைவர்கூட என் கடையில கிடையாதே."

"அப்ப என் போனு..."

ஹனீப் தயங்கித் தயங்கி மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் தலையில் டார்ச்சோடு, சோப்புக்கட்டி அளவில், பளபளவென்று ஒரு போன்.

"அக்கா உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாங்க. 'அவரு உசுரே அதுலதான் பாய் கீது, பழசு போச்சின்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு'ன்னு ஒவ்வொரு வாட்டியும் கண்ண தொடச்சினு வருவாங்க. மிக்ஸி வாங்க சேத்து வெச்ச துட்டாம். இந்த மாடல் இனிமே வராதுன்னு சொன்னதுக்கு, கடைசியா இத ஒண்ண எடுத்து வெக்கச் சொன்னாங்க."

வசந்தகுமார் அப்பளத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹனீப் அட்டைப்பெட்டியை அவர் பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.

"உங்க கம்பெனி ரிஜ்வான்கூட என்கிட்ட வருசத்துக்கு மூணுதான் சார். நாலே மாசத்துல நாலு போன் மாத்தறவரு, இந்த கும்மிடிப்பூண்டியிலயே நீங்க ஒருத்தர்தான்."