சிம்பொனி மாஸ்டரின் கார்

சிட்னியில் பரமட்டாவுக்கு மேற்கே கார் ஓட்டும் தமிழர்களில் பாதிப் பேருக்கு ரவுண்டானாவைக் கண்டாலே காதில் வயலின் கேட்கும். எல்லாம் சிம்பொனி மாஸ்டர் செய்த வேலை.

டூங்கபியில் டிரைவிங் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆஸ்திரியாவில் நூற்றுச் சொச்சம் சிம்பொனி எழுதித் தள்ளிய ஒருவர்தான் அவருக்குக் குலதெய்வம். "எங்கட ஐயா" என்பார். ஐயா எழுதிய வரிசைப்படி ஒவ்வொரு சிம்பொனியாகக் காரில் போட்டுத்தான் பாடம்.

நான் இரண்டு முறை டெஸ்டில் தோற்றிருந்தேன். ரயிலே போகாத இடத்தில் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அழாத குறையாக அவர் காரில் ஏறினேன்.

"இது ஐயா தொடக்கத்தில எழுதினது, அக்கா. சின்னன். கொஞ்ச வயலின், ஓபோ எண்ட குழல் ரெண்டு, ரெண்டு கொம்பு. கேக்கிறதுக்கு ஒரு பிரபுவும் அவற்ற வீட்டு ஆக்களும்தான். உங்களுக்கும் இப்போதைக்கு இந்த ஒரு தெரு காணும்."

மூன்று வாரம் அதே தெரு. குப்பைத் தொட்டிகளுக்கெல்லாம் என்னைத் தெரிந்துவிட்டது. மெயின் ரோடுக்குப் போகலாமா என்றால், "நீங்கள் இன்னும் ஓபோவிலதான் நிக்கிறியள்" என்பார்.

நாலாம் வாரம் இசை மாறியது. ஒரே இடி, புயல்.

"நடுவயசில ஐயாவுக்கு என்னவோ நடந்திட்டுது. மைனர் ஸ்கேல், கோவம், பாய்ச்சல். ரவுண்டபவுட்டுக்குள்ள போங்கோ."

போனேன். வெளியே வரத் தெரியவில்லை. ஐந்து சுற்று.

"எனக்கும் கோவம் வருது மாஸ்டர்."

"வரட்டும். இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு கோவப்படுங்கோ."

பிறகு லண்டன் காலம். வயதான பின் ஐயா அங்கே போய், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்காக எழுதியவை. டிரம்பெட், முரசு, எல்லாமே பெரிசு. ஆரம்பம் மட்டும் நிதானம்.

"முதல்ல ஆறுதலா வந்து, பிறகுதான் வேகம் எடுக்கிறார். ஹைவேயில சேருறதும் இப்பிடித்தான்."

சேர்ந்தேன். லாரிக்காரர் ஒருவர் வழியும் விட்டார்.

இன்னொரு நாள், சிக்னலில் தாலாட்டு மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சொக்கிப்போனேன். திடீரென்று மொத்த ஆர்கெஸ்ட்ராவும் தலையில் விழுந்தது. நான் அலறிய அலறலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி நலம் விசாரித்தார்.

"வயசு போகப் போக ஐயாவுக்குப் பகிடி, குறும்பெல்லாம் கூடிப்போச்சு," என்றார் மாஸ்டர். "இவ்வளவு கத்தியும் நீங்கள் பிரேக்கில இருந்து கால் எடுக்கேல்லை. இனி டெஸ்டுக்குப் போகலாம்."

டெஸ்டில் பாட்டு போட முடியாது. மனசுக்குள் பாடுவதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டே முனகியிருக்கிறேன். பாஸ் என்று தாளை நீட்டிய அதிகாரி, பார்க்கிங் நன்றாக இருந்தது, பாட்டுதான் அந்த இடத்தில் தடுமாறியது என்றார்.

மறுவாரமும் ஒரு பாடத்துக்குப் பதிவு செய்தேன்.

"அக்கா, நீங்கள் பாஸ் எல்லோ?"

"ஆமா. கடைசி சிம்பொனியை நீங்க இன்னும் போடவே இல்லையே."

போட்டார். மாஸ்டர்மார் காரில் அவர்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பாடம் முடியும்வரை கால் அதன்மேல்தான் இருக்கும். அன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரை இறக்கிவிட வேண்டிய வீட்டு வாசலை மூன்று தடவை கடந்துபோனேன். இசை முடியும்வரை நிறுத்த மனம் வரவில்லை.