மாடிச் சாவியும் வியாழன் கிரகமும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பும் டெலஸ்கோப்பும் எங்களைவிடச் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுகிறேன். போனில், "என்ன மாமா, ஏதாவது படம் எடுத்தீங்களா?" என்று கேட்டீர்களே, அப்போது நான் இருமியது சளியினால் இல்லை. போனில் சொன்னால் உங்கள் அத்தை பிடுங்கி, கதையின் கடைசியை முதலில் சொல்லிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, அதன் வாலில் கேமராவைச் சொருகி, ஒயரை லேப்டாப்பில் மாட்டி, இருட்டத் தொடங்கியதும் மேற்கே பளிச்சென்று தெரிந்த வெள்ளியைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். 'இதுதான் வெள்ளியா?' என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் நான், கண்டக்டர் விசில் கொடுத்தால் ஏன் என்று கேட்டதில்லை. அதே பழக்கத்தில் 'ஆமாம்' என்று அமுக்கினேன். அது வெள்ளி இல்லை மாப்பிள்ளை, தெருக்கோடி மாடியில் எரிந்த பல்பு. பாவம் கம்ப்யூட்டர், பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று நம்பி, மொத்த வானத்தையும் அந்தப் பல்புக்குத் தகுந்தபடி நகர்த்தி வைத்துக்கொண்டது. வியாழனைக் காட்டு என்றேன். டெலஸ்கோப் உர்ரென்று திரும்பி நின்றது. திரையில் மங்கலாக, உருண்டையாக ஒன்று. குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. பக்கத்தில் மினுக் மினுக்கென்று நாலு புள்ளி. நீங்கள் சொன்ன அதே பட்டை, அதே நாலு நிலா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. படங்களாக எடுத்துத் தள்ளி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தெளிவாக்குமே, அந்த மென்பொருளில் போட்டு, உங்கள் அத்தையையும் கூப்பிட்டேன். கூர்மையைக் கூட்டக் கூட்ட வியாழன்மேல் எழுத்து தெரிய ஆரம்பித்தது.

"ஏங்க, உங்க வியாழன் ஆயிரம் லிட்டர்தான் பிடிக்குமா?" என்றாள்.

எதிர் வரிசையில் குடியிருக்கும் நம் வீட்டுக்காரம்மாவின் தண்ணீர் டேங்க் அது. நான் அசடு வழிந்து முடிப்பதற்குள், அவர் வீட்டுப் பக்கம் கேமரா வைத்திருக்கிறேன் என்று யாரோ போய் ஓதிவிட்டார்கள். மறுநாள் காலை வந்து நின்றார். "வயசானவர்னு நம்பித்தானே வீட்டைக் குடுத்தேன்? மாடிச் சாவியைக் குடுங்க." சாவி போனால் வானம் போச்சு, அதோடு இந்தத் தெருவில் என் பேரும் போச்சு. நான் சாவியை எடுத்து நீட்டினேன். உங்கள் அத்தைதான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க, இவர் பாத்தது உங்க டேங்க்கைத்தான். எங்க வீட்டுக்குக் கல்யாணம் பேச வந்தப்பகூட என்னைப் பாக்காம ஃபேனைப் பாத்துட்டுப் போன மனுஷன்."

வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். "இதென்னங்க, கோடு மாதிரி?"

விரிசல்! நான் நிலா என்று கும்பிட்ட நாலும் அதிலிருந்து கசிந்த தண்ணீர்ச் சொட்டு. "தண்ணி எங்க போகுதுன்னு மாசக்கணக்கா வீட்ல சண்டைங்க. வந்த பிளம்பர் ஒருத்தன் கண்ணுலயும் படலையே!" என்றவர், நான் நீட்டிய சாவியை என் கையிலேயே வைத்து மூடினார்.

எடுத்ததில் எந்த ஒற்றைப் படத்திலும் அந்த விரிசல் தெரியவேயில்லை மாப்பிள்ளை. அத்தனையையும் அடுக்கிய பிறகுதான் தெரிந்தது. என் தப்பை நான் செய்தேன், என் மானத்தை உங்கள் கம்ப்யூட்டர் காப்பாற்றியது. அன்று சாயங்காலமே நிஜ வெள்ளியைப் பிடித்து, நிஜ வியாழனையும் பிடித்துவிட்டேன். கடுகளவுதான் இருக்கிறது, உங்கள் அத்தை அதை ஊரெல்லாம் காட்டுகிறாள். வேலை ஓய்ந்தவனுக்கு ஒரு வானத்தையே கொடுத்த உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? நீங்கள் இருவரும் பல்லாண்டு மேகமில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: சற்றுமுன் வீட்டுக்காரம்மா நன்றிக்கடனாக, நான் நல்ல வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும் என்று நம் மாடியில் பெரிய ஃபிளட் லைட் போட்டுவிட்டார். வெள்ளியும் இல்லை, வியாழனும் இல்லை. நிலாவையே தேட வேண்டியிருக்கிறது. "வசதியா இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். மனசு கேட்கவில்லை, "ரொம்ப வசதிங்க" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு இன்னொன்று போடுகிறாராம்.