நான்காவது ரக்அத்

மே 14, செவ்வாய். இன்று அந்தித் தொழுகையில் நான்கு ரக்அத் தொழுதேன். புத்தகத்தில் மூன்று என்று போட்டிருக்கிறது. பிழை என்னுடையதாகத்தான் இருக்கும். இன்று என்னிடம் பேசியவர்கள்: ஜெராக்ஸ் எடுக்க வந்த ஏழு பேர்.

யாமிலே பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, ‘ஏழு’ என்பதை அடித்து ‘ஆறு’ என்று திருத்தினாள். ஒருவர் கையைத்தான் காட்டினார், பேசவில்லை.

அவள் இஸ்லாத்துக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. பெரெய்ரா நகரத்துக்கு ஜெராக்ஸ் கடை வேலைக்கு வந்து ஆறு மாதம். அவளுக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல் தன் பெயர். அது அரபு என்பதே சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. ஓத வேண்டியதை ஸ்பானிஷ் எழுத்தில் எழுதிச் சட்டைக் கைக்குள் செருகி வைத்திருப்பாள். நின்று ஓதி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து வணங்கினால் ஒரு ரக்அத். ஓதுவதில் அவள் பாதியைத் தாண்டுவதற்குள் இமாம் குனிந்துவிடுவார்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். பக்கத்தில் நிற்பவர் செய்வதைக் கடைக்கண்ணால் பார்த்து அப்படியே செய்துவிடுவது.

இரும்புக் கடைக்கு மேல்மாடியில் தொழுகைக் கூடம். பெண்கள் பகுதியில் கடைசி வரிசையின் ஓரத்தில் அவள் நிற்பாள். தொழுகை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி மூச்சிரைக்க வந்து அவளோடு தோள் சேர்த்து நிற்பாள். பெயர் ஓஃபெலியா, முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள் என்பது மட்டும் யாமிலேக்குத் தெரியும். கண்ணை மூடி உருகித் தொழுவாள். பார்த்துச் செய்ய இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

ஓஃபெலியா தாமதமாக வருவது யாமிலேயை உறுத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் சர்ச்சுக்குப் போனவள் அவள். பூசைக்குத் தாமதமாக வருகிறவர்கள் பின்வரிசையில் நழுவி நிற்பார்கள், எல்லாரோடும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். விட்டதை யார் திரும்பச் செய்தார்கள்?

இமாம் வலமும் இடமும் முகம் திருப்பிச் சலாம் சொல்லித் தொழுகையை முடித்ததும் ஓஃபெலியா எழுந்து மேற்கொண்டு தொழுவாள். யாமிலேயும் எழுவாள். முடிந்தபின் ஓஃபெலியா கையேந்தியபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். யாமிலேயும் உட்கார்ந்திருப்பாள்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். நோட்டில் கட்டம் போட்டாள். திங்கள் நான்கு, செவ்வாய் நான்கு, புதன் ஐந்து. ‘கிழமையைப் பொறுத்ததோ?’ என்று எழுதினாள். அடுத்த திங்கள் ஐந்து வந்து அந்த விதியை உடைத்தது. பிறகு ஒன்று கண்டுபிடித்தாள். மழை பெய்த நாட்களில்தான் ஐந்து வருகிறது.

சனிக்கிழமை ஆசிரியையிடம் ஜாடையாகக் கேட்டாள்.

"அந்தித் தொழுகை மூணுதானே, டீச்சர்?"

"மூணு கட்டாயம். அப்புறம் விருப்பப்பட்டவங்க தனியா ரெண்டு தொழுவாங்க. ஏம்மா?"

"சும்மாதான். மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சா குடை எடுத்துட்டு வா."

வகுப்பு சிரித்தது. ஆசிரியை கையமர்த்தினாள். "சிரிக்காதீங்க. இவளப் பாத்துக் கத்துக்கங்க. நாமெல்லாம் வெல்லத் தண்ணிக்கு ஓடுறப்ப இவ இன்னும் நின்னு தொழுதுட்டிருக்கா. யாரும் அவளத் தொந்தரவு பண்ணாதீங்க."

அன்றிலிருந்து யாரும் தொந்தரவு பண்ணவில்லை.

அந்த வெல்லத் தண்ணீருக்காகத்தான் யாமிலே ஏங்கினாள். தொழுகை முடிந்ததும் பின்னறையில் பானை நிறையச் சூடாக இருக்கும். பாலாடைக்கட்டியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அந்த வட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தால் போதும் அவளுக்கு. வாடகை அறையில் பேச ஆளில்லை. மதம் மாறியது தெரிந்ததிலிருந்து அம்மா போனை எடுப்பதில்லை. ஆனால் அவள் போய்ச் சேரும்போது பானை கவிழ்ந்திருக்கும், நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள். இப்போது பெரிய பக்திமான் என்று பெயர் வேறு வாங்கியாகிவிட்டது. எண்ணத் தெரியாமல் தொழுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

தப்பிக்க ஒரு நாள் எதிர் ஓரத்துக்கு, செருப்பு அலமாரி பக்கம் போய் நின்றாள். வந்த ஓஃபெலியா சுற்றுமுற்றும் பார்த்தாள். காலியாக இருந்த மூன்று இடங்களைத் தாண்டி வந்து யாமிலேயின் வலப்பக்கம் நின்றாள்.

அன்று கடைசியில் சலாம் சொல்லும்போது யாமிலே ஒரு நொடி பின்தங்கித் திரும்பினாள். இரண்டு முகங்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. ஓஃபெலியா லேசாகத் தலையசைத்தாள். ‘இன்று என்னிடம் பேசியவர்கள்’ என்ற வரியில் அதைச் சேர்க்கலாமா என்று யாமிலே வெகுநேரம் யோசித்தாள்.

நல்ல வேளையாக எண்ணிக்கை நிலைப்பட்டது. மே கடைசியிலிருந்து மழையோ வெயிலோ, தினமும் நான்கே நான்கு. ‘விதி பிடிபட்டது’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

வியாழக்கிழமை பானை கவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியவளுக்கு நேரே அறைக்குப் போக மனம் வரவில்லை. எப்போதும் போகாத பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள். மூலையில் தள்ளுவண்டியில் ஒருத்தி அரேப்பா சுட்டுக்கொண்டிருந்தாள். சோள அடை வாசனை இழுத்தது.

"நீலத் தலைத்துணி, சட்டக் கைக்குள்ள சீட்டு. அந்தப் பொண்ணு நீதானே?" என்றாள் வண்டிக்காரி. "நான் எல்வியா. உன் கூட்டாளி இப்பத்தான் முட்டியத் தடவிக்கிட்டே போறா."

"எந்தக் கூட்டாளி? எனக்கு இங்க யாருமில்லையேக்கா."

"ஓஃபெலியா இல்ல?"

"அவங்களா? அவங்களப் பாத்துத்தான் நான் தொழுறேன். அவங்க நாலுன்னா நானும் நாலு."

எல்வியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "லேட்டா வந்தாத்தானே விட்டத எந்திரிச்சுத் தனியா முடிக்கணும்? அவதான் சொன்னா. கடையச் சாத்திட்டு பஸ் பிடிச்சு வருவா, லேட்டாகும். மழைன்னா இன்னும் லேட்டு. நீ எப்ப வருவ?"

"தொடங்கறதுக்கு முன்னாடியே."

"அடிப் பாவி!"

நோட்டில் போட்ட கட்டங்கள் ஒவ்வொன்றாக யாமிலேயின் கண்முன் சரிந்தன. ஒன்று மட்டும் நின்றது. "இப்பத்தான் மழை பெஞ்சாலும் நாலுதானேக்கா வருது?"

"வராம? கடைய இந்தத் தெருவுக்கே மாத்தி ரெண்டு வாரமாச்சு. அஞ்சே முக்காலுக்கு வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துடுவா. மேல ஜன்னல்ல காத வச்சிருந்து, ஒரு ரக்அத் முடிஞ்சப்புறம்தான் படியேறுவா. ‘அந்தப் பொண்ணு தெனமும் லேட்டா வருதுக்கா, கடைசில தனியா நிக்கும், அது எந்திரிச்சுப் போற வரைக்கும் விட்டுட்டு வர மனசில்ல’ங்கறா!"

ஜூன் 6, வியாழன். விதி தவறு. இன்று என்னிடம் பேசியவர்கள்: ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் போக, ஒருவர். பேசாமல் கூட இருந்தவர்: ஒருவர். நாளைய வேலை: ஐந்தே முக்காலுக்கு எல்வியா அக்காவின் பெஞ்சு. ஓஃபெலியா அக்காவைக் கையோடு மேலே கூட்டிப்போக வேண்டும். ரக்அத் மூன்று. வெல்லத் தண்ணீர் இரண்டு கோப்பை.